ஆளறிந்து குரைத்த நாய்

எங்கள் நாய் மருமகனைக் கடித்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன சாதி நாய்?" காயம் எப்படி, ஊசி போட்டாச்சா, பிள்ளை பயந்துபோச்சா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் நாயின் குலம் கோத்திரம் தெரிய வேண்டும். எங்கள் பக்கத்தில் மனிதர்களைப் பற்றியே அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள், நாயை மட்டும் விட்டுவிடுவார்களா. நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு, தகப்பன் சாதி நாய், தாய் ஊர் நாய். கேட்டவர் தலையை ஆட்டுவார். "அதுதான் பாருங்கோ. கலப்பு எண்டா இப்பிடித்தான் மூளை பிசகும்." அடுத்த நாள் இன்னொருவர் வருவார். அவர் வேறு கட்சி. "இனம் என்ன செய்யும் அண்ணை? எல்லாம் வளர்ப்பிலை இருக்கு." சொல்லிவிட்டு என் முகத்தை ஒருதரம் பார்ப்பார். நான் தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்பேன்.

ஒரு மாதத்துக்கு மேல் இதே கதை. வேலைக்குப் போன காலத்தில் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் பரவாயில்லை. ஒரே நாயின் கதையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒப்புவிப்பது அதைவிடக் களைப்பு. எனக்கு அறுபத்தாறு வயது. ஓய்வெடுத்த பிறகு பேப்பரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று நினைத்தவன். எழுதவும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், வந்தவர்களில் ஒருவருக்கும் நான் முழுவதையும் சொல்லவில்லை. பாதியைச் சொல்லிவிட்டு மற்றப் பாதியை விழுங்கிவிட்டேன்.

எங்கள் வீடு கொக்குவிலில் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருக்கிறது. இடப்பக்க வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் லண்டனில். வலப்பக்க வீடும் பூட்டு, அவர்கள் கனடாவில். நடுவில் நானும் மனுசியும், அப்போது கலியாணம் கட்டாமல் இருந்த மகளும். ஒருமுறை கிணற்றடியில் பூட்டியிருந்த தண்ணி மோட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற மச்சான் உடனே கமரா பூட்டச் சொன்னார். கமரா கள்ளனைப் படம் எடுக்கும், பிடிக்குமா என்று கேட்டேன். அப்ப நாய் வளருங்கோ என்றார். அச்சுவேலியில் எனக்குப் பழக்கமான ஒருவர் மா அரைக்கிற மில் வைத்திருந்தார். அவருடைய நாய் நாலு குட்டி போட்டிருந்தது. இரண்டை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இரண்டில் ஒன்றை அவர் மில்லுக்கென்று வைத்துக்கொண்டார், மற்றதை நான் ஒரு கடதாசிப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டு வந்தேன். பெயரும் வைத்தோம். இப்போது அந்தப் பெயரை எழுத மனம் வருகுதில்லை, அதனால் நாய் என்றே எழுதுகிறேன்.

நாயை எப்படி வளர்ப்பது என்று எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். முன்வீட்டுக்காரர் வந்து வகுப்பே எடுத்தார். "பகலிலை கட்டிப் போடோணும். பின்னேரம் அவிட்டு விடோணும். உங்களைத் தவிர வேறை ஆரும் சாப்பாடு வைக்கப்படாது. சோத்துக்குள்ளை பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டுக் குடுத்தியள் எண்டா ரோசம் வரும்." முதல் மூன்றையும் செய்தேன். மிளகாய் போடவில்லை, வாயில்லாச் சீவனுக்கு ஏன் அந்த ஆக்கினை. நாயை நான் ஒருநாளும் அடித்ததில்லை. ஒருவர் மேலும் ஏவி விட்டதில்லை. "பிடி" என்ற சொல்லே அதன் காதில் விழுந்ததில்லை. கடித்த பிறகு இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அது பொய்யுமில்லை.

நான் சொல்லாமல் விழுங்கியது எங்கள் வாசல் கேற் சமாச்சாரம்.

எங்கள் கேற்றின் கொளுக்கி இறுகினது. உள்ளிருந்து திறப்பதென்றால் ஒரு கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொளுக்கியை இழுக்க வேண்டும். எண்ணெய் விட்டும் பார்த்தாயிற்று, சரிவரவில்லை. சத்தம் கேட்டு நான் கேற்றடிக்குப் போனால் நாயும் கூட வரும். பகலில் கட்டியிருந்தாலும் யாரும் வந்தால் நான் அதை அவிழ்த்துக்கொண்டுதான் போவேன், நாய் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரியவேண்டுமே. ஒரு கை அதன் கழுத்துப் பட்டியில் இருக்கும். வந்தவர் சொந்தக்காரர் என்றாலோ, என்னோடு கந்தோரில் வேலை செய்த ஆட்கள் என்றாலோ, பட்டியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கொளுக்கியைத் திறப்பேன். வாங்கோ வாங்கோ என்று கதிரை இழுத்துப் போடுவேன். நாயும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வரும். தேங்காய் பிடுங்குகிறவர் வந்தால், கிணறு இறைக்கிறவர் வந்தால், கேற்றைத் திறக்கமாட்டேன். பட்டியைப் பிடித்தபடி கேற்றுக்கு மேலால் கதைப்பேன். பக்கத்து ஒழுங்கையால் சுற்றி வந்து பின்பக்கப் படலைக் கதவால் வரச் சொல்வேன். அவர்களுக்குத் தேத்தண்ணியை மனுசி கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைப்பா.

இதை நான் யோசித்துச் செய்யவில்லை. அப்பா அப்படிச் செய்தார், நானும் செய்தேன். கந்தோரில் நான் எல்லோருடனும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டவன். சாதி பார்க்கிற ஆளா நீங்கள் என்று யாரும் கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். கந்தோர் வேறு, கேற் வேறு என்று எனக்குள் ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது. அந்த ஏற்பாட்டை நாய் என்னைவிட வடிவாகப் படித்துக்கொண்டது.

ஒரு வருடத்துக்குள் நான் விறாந்தையை விட்டு இறங்க முதலே நாய் முடிவு எடுத்துவிடும். குரைக்கிற குரைப்பிலேயே வந்தது யார் என்று மனுசி குசினிக்குள் இருந்து சொல்லிவிடுவா. உறவுக்காரர்களுக்கு அது பெரிய புதினமும் வேடிக்கையும். "ஆளறிஞ்சு குரைக்கிறான் பாருங்கோ" என்று நான்தான் சொல்லிச் சொல்லிக் காட்டினேன். "சாதி நாயெல்லே, தெரியாமலோ" என்றார் என் சித்தப்பா மகன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். தேங்காய் பிடுங்குகிறவர் ஒருநாள் கேற்றுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஐயா, உங்கடை நாய்க்கு எங்களைக் கண்ணிலை காட்டேலாது போலை" என்றார். "சும்மா குரைக்கும், கடியாது" என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பக்கத்து ஒழுங்கைக்குப் போனார்.

நாய்க்கு என் மகளில் உயிர். அவள் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம் அதற்குத் தெரியும். பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் படிப்பித்தாள். அங்கே கூடப் படிப்பிக்கிற ஒருவரைக் கட்டப்போகிறேன் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நான் விசாரித்தேன். கணிதம் படிப்பிக்கிறார், குடி இல்லை, தாய் தகப்பனைப் பார்க்கிற பிள்ளை. எல்லாம் சரி, ஆனால் எங்கடை ஆக்கள் இல்லை. எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

நான் சண்டை பிடிக்கவில்லை. மற்றத் தகப்பன்மார் மாதிரி கத்தவில்லை, செத்துப்போவன் என்று வெருட்டவில்லை. "உன்ரை விருப்பம்" என்று மட்டும் சொன்னேன். அதில் எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது, பார், நான் எவ்வளவு முற்போக்கான மனுசன் என்று. பதிவுத் திருமணத்துக்கு நாங்கள் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று மனுசி சொன்னா. எனக்குக் காய்ச்சல் இல்லை, வெறும் மேலோடு விறாந்தையில் கிடந்தேன். நாய் என் கதிரைக்குக் கீழே கிடந்தது.

பிறகு மகள் மாதத்தில் ஒருநாள் தாயைப் பார்க்க வருவாள். மருமகன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவார். மகள் கம்பிகளுக்கு இடையால் கையை விட்டுத் தானே திறந்துகொண்டு வருவாள். அவர் ரோட்டில் நிற்பார். நான் போய் கேற்றடியில் நிற்பேன், ஒரு கை நாயின் பட்டியில்.

"எப்பிடி, சுகமோ?"

"சுகம் மாமா."

"பள்ளிக்கூடம் எப்பிடிப் போகுது?"

"போகுது மாமா."

அவ்வளவுதான். உள்ளே வாரும் என்று நான் சொல்லாமல் இல்லை. "உள்ளுக்கு வரலாம், நாய் நிக்குது, அதுதான் யோசிக்கிறன்" என்று ஒருதரம் சொன்னேன். அவர் "பரவாயில்லை மாமா, எனக்கும் அலுவல் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாய் எனக்கு நல்ல வசதியாக இருந்தது. அதைக் கட்டிப்போட்டு வர எனக்கு அரை நிமிடம் பிடிக்கும். இரண்டு வருடம் அந்த அரை நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒழுங்கை முடக்கில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் என் கை பட்டியில் இறுகும். நான் அதைக் கவனித்ததில்லை. நாய்க்கு மட்டும் தெரிந்திருக்கும். அவரைக் கண்டால் அது குரைக்காது, நெஞ்சுக்குள் ஒரு சத்தமாய் உறுமும். தேங்காய் பிடுங்குகிறவருக்குக் கூட அது அப்படி உறுமினதில்லை.

பேத்தி பிறந்தாள். அதோடு மகள் மாதத்தில் ஒருநாள் வருவதும் நின்றுவிட்டது. மனுசி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டு, "இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளைக்கு உங்கடை மூக்கு" என்றா. வீம்பு பிடித்துக்கொண்டு ஒரு வருடத்தைப் போக்கினேன். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் வாயைத் திறந்து, "எல்லாரையும் வரச்சொல்லும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு" என்றேன். எல்லாரையும் என்று சொன்னதற்கே மனுசி அழுதுவிட்டா.

அன்று காலையில் சந்தைக்குப் போய் நண்டு வாங்கி வந்தேன். விறாந்தையைக் கூட்டினேன். கதிரைகளைத் துடைத்தேன். எல்லாம் செய்தேன், நாயைக் கட்டவில்லை. மறந்துபோனேன் என்று வைத்தியசாலையில் சொன்னேன். மறக்கவில்லை. மகள் வருகிறாள், நாய்க்கு அவளைத் தெரியும், பிள்ளையையும் அவளோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நான் ஓடிப்போய்ப் பட்டியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கொளுக்கியை இழுத்துக் கேற்றை விரியத் திறந்தேன். அவருக்காக நான் அப்படித் திறந்தது அதுதான் முதல்தரம். மகள் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள், நாய் அவளைச் சுற்றிக் குதித்தது. பின்னால் அவர், இடது கையில் பிள்ளையோடு. ஒரு கால் உள்ளே வைத்தார். நாய் திரும்பியது. குரைக்கவில்லை. நேரே போனது.

அவர் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வலது கையை நாயின் வாய்க்குக் கொடுத்தார். வேண்டுமென்றே கொடுத்தார், நான் பார்த்தேன். கத்தவில்லை. மகள்தான் கத்தினாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரே கூப்பிடலில் நாய் கையை விட்டது. விட்டுவிட்டு என் காலடிக்கு ஓடி வந்து நின்று வாலை ஆட்டியது. என் முகத்தை அண்ணாந்து பார்த்தது. சொன்ன வேலையைச் செய்து முடித்துவிட்டு வந்து நிற்கிற ஆள் அப்படித்தான் பார்ப்பான். ஐயோ, அந்தப் பார்வையை நினைத்தால் இப்பவும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முழங்கைக்குக் கீழே ஏழு தையல். விசர்நாய்க் கடிக்குப் போடுகிற ஊசிகள் வேறு. வைத்தியசாலை வாங்கில் குந்தியிருந்த என்னிடம் அவரே வந்து, "பரவாயில்லை மாமா, பிள்ளைக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே" என்றார். மகள் அப்படி விடவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, அது அங்கை நிக்கிறமட்டும் நான் பிள்ளையோடை அந்த வாசல் மிதிக்கமாட்டன். இன்னொண்டு. அது என்னை ஒண்டும் செய்யேல்லை, பிள்ளையை ஒண்டும் செய்யேல்லை. ஏன் இவரை மட்டும் பிடிச்சது எண்டு நீங்களே இருந்து யோசியுங்கோ."

பேத்தியை நான் அதுவரை ஒருதரமும் தூக்கவில்லை. அன்று தூக்கலாம் என்றுதான் நண்டு வாங்கினேன்.

வீட்டில் மனுசி என்னைத் தேற்றப் பார்த்தா. "அது இரத்தம் அப்பா. கலப்பு இரத்தம் ஒருநாளைக்குக் காட்டும். நீங்கள் என்ன செய்வியள்?" முன்வீட்டுக்காரரும் அதையே சொன்னார். ஒரு ஊசியோடு கதையை முடித்து விடுங்கோ, கெட்ட இனத்தை வைத்திருந்து என்ன பிரயோசனம் என்றார். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. இரத்தம் என்றால் நான் தப்பினேன். மகளிடம் போய் நிமிர்ந்து நின்று சொல்லலாம், பிள்ளை, அது நாயின் பிறப்பு, அப்பாவில் ஒரு பிழையும் இல்லை என்று. அதற்கு ஆதாரம் தேடித்தான் அச்சுவேலிக்குப் போனேன். அந்தத் தகப்பன் நாய் முன்பு எங்கேயாவது யாரையாவது குதறியிருக்கும், அதை மில்காரர் எனக்கு மறைத்துத்தான் குட்டியைத் தந்திருப்பார் என்று ஸ்கூட்டரில் போகும்போது மனதுக்குள் அவரோடு சண்டையும் பிடித்துக்கொண்டு போனேன்.

மில் வாசலில் குறுக்கே ஒரு நாய் கிடந்தது. அதே நிறம், அதே காது, முகத்தில் அதே கறுப்பு. ஒரு கணம் எங்கள் நாய்தான் இங்கே வந்துவிட்டதோ என்று நினைத்தேன். மிளகாய் திரிக்க வந்த பெண்கள் வாளிகளோடு அதைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி காலால் தள்ளி, "எழும்பு சனியன், வழியை விடு" என்றாள். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அரைச் சாண் நகர்ந்து மறுபடி கிடந்தது. யாருடைய பிள்ளையோ அதன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் ஸ்கூட்டரை நிறுத்தாமலே திரும்பிப் போய்விடலாமோ என்று யோசித்தேன்.

மில்காரர் மாவைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். கடித்த கதையைச் சொன்னேன்.

"அதின்ரை தகப்பன் எப்பிடி? ஆரையும் கடிச்சதோ?"

"இல்லை அண்ணை. கிழண்டி, பல்லுக் கொட்டிச் செத்தது. கோழியைக் கூடக் கலைச்சதில்லை."

"தாய்?"

"தாய் உங்கை பின்னுக்குக் கிடக்குது, போய்த் தடவிப் பாருங்கோ."

"அப்ப இது ஏன் இப்பிடி?" என்று வாசலில் கிடந்ததைக் காட்டினேன். கேள்வியைத் தலைகீழாகக் கேட்கிறேன் என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு ஒண்டும் நான் படிப்பிக்கேல்லை அண்ணை. மில்லெல்லே, காலமை திறந்தா இருட்டுமட்டும் திறந்துதான் கிடக்கும். ஆர் வந்தாலும் வாங்கோ எண்டுதான் சொல்லுவன். சொல்லாட்டி யாவாரம் நடக்குமே? உது குட்டியிலை இருந்து அதைத்தான் பாக்குது. வெளி ஆள் எண்டு ஒருத்தர் இருக்கினம் எண்டே உதுக்குத் தெரியாது."

அவருக்கு என் வீட்டுக் கேற்றைப் பற்றித் தெரியாது. அவர் குத்திக் கதைக்கவில்லை, சும்மா சொன்னார். எனக்குத்தான் முகம் எரிந்தது. ஊசி போட்டு விடவா என்று கேட்டேன். "சீ, என்ன பாவம். கொண்டுவந்து விடுங்கோ, பாப்பம்" என்றார்.

மூன்றாம் நாள் ஓட்டோவில் கொண்டுபோனேன். நாய் ஓட்டோவில் ஏற ஒரு மறுப்பும் காட்டவில்லை, நான் ஏறுகிற இடத்தில் ஏறும். மில்லுக்குப் பின்னால் கட்டினோம். நான் திரும்பி வரும்போது சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது. நல்லதோ கெட்டதோ, நான் வளர்த்த சீவன். வீட்டுக்கு வந்து அதன் சோற்றுத் தட்டத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மில்காரர் இடைக்கிடை தொலைபேசியில் சொல்லுவார். முதல் கிழமை ஒருவரையும் கிட்ட விடவில்லையாம். பிறகு தாயோடு சேர்ந்து சாப்பிட்டதாம். இரண்டாம் மாதம் அவிழ்த்துவிட்டாராம். "இப்ப ரெண்டும் வாசல்லை ஒண்டாத்தான் கிடக்கினம் அண்ணை. ஆக்கள் தாண்டிப் போகினம். எது உங்கடை, எது என்ரை எண்டு எனக்கே சிலநேரம் மாறுது." அதைக் கேட்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று அதற்குத் தின்னப் பாண் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன்.

சொன்னது உண்மைதான். இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் நாய் என் ஸ்கூட்டர் சத்தத்துக்கே எழும்பி ஓடிவந்து என் மேல் பாய்ந்து முகத்தை நக்கியது. நானும் குந்தியிருந்து அதன் தலையைத் தடவினேன். பிறகு எழும்பி மில்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். நாய் வந்து என் வலது காலோடு ஒட்டி நின்றது, முன்பு கேற்றடியில் நிற்கிற மாதிரியே. அந்த நேரம் சைக்கிளில் அரிசிமூட்டை கட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார், சாரம் கட்டி, வெறும் மேலோடு. நான் ஒன்றும் சொல்லவில்லை, நாயைத் தொடவும் இல்லை. நாயின் முதுகு மயிர் எழும்பியது. என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அந்த மனிதரைப் பார்த்து நெஞ்சுக்குள் உறுமத் தொடங்கியது.

அந்த மனிதர் பயப்படவில்லை, அவருக்கு அதிசயம். "இதென்ன, ஒவ்வொரு நாளும் என்னோடை விளையாடுற நாய்" என்றார். மில்காரர் நாயை அதட்டி உள்ளே அனுப்பினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் கொஞ்ச நாளைக்கு இஞ்சை வராமல் இருந்தா நல்லம்."

கொண்டுபோன பாணை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வழியில் இரண்டு இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்திச் சும்மா நின்றேன். நாயை அங்கே விட்டால் கதை முடிந்தது என்று நினைத்தேன். நான் எங்கே போய் நின்றாலும் அது தொடங்கும் என்றால் என்னை எங்கே கொண்டுபோய் விடுவது. மனுசிக்கு இதைச் சொல்லவில்லை. நாய் கொழுத்து நல்லாய் இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

நாய் வீட்டில் இல்லை என்று மனுசி மகளுக்கு எப்போதோ சொல்லியிருந்தா. மகள் உடனே வரவில்லை. இன்னும் ஒரு மாதம் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நான் செருப்பும் போடாமல் ஓடினேன். இரண்டு கையாலும் கேற்றை விரியத் திறந்தேன். மகள் பிள்ளையை இறக்கி விட்டாள். பிள்ளை என்னைத் தாண்டி முற்றத்துக்குள் ஓடினாள், மகள் அவளுக்குப் பின்னால் போனாள். அவர் ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதிலேயே இருந்தார். சட்டைக் கைக்குக் கீழே தழும்பு தெரிந்தது.

"உள்ளுக்கு வாரும் தம்பி. நாய் இப்ப இல்லை."

"தெரியும் மாமா."

சொல்லிவிட்டு அங்கேயே இருந்தார். நான் கேற்றைப் பிடித்தபடி நின்றேன். வெயில் என்றேன். பரவாயில்லை என்றார். மனுசிக்குக் கூடச் சொல்லாததை அப்போது அவருக்குச் சொன்னேன்.

"அது அங்கை ஒருத்தரையும் ஒண்டும் செய்யிறேல்லை தம்பி. நான் போய்ப் பக்கத்திலை நிண்டாத்தான் உறுமுது."

அவர் மோட்டார் சைக்கிளின் சாவியைப் பார்த்தார்.

"எனக்கு அது முந்தியே தெரியும் மாமா" என்றார். "நான் வாற நேரமெல்லாம் நாயைப் பாக்கிறேல்லை. பட்டியிலை இருக்கிற உங்கடை கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் கேற்றைத் திறந்தபடி விட்டுவிட்டு வெறுங்காலோடு ரோட்டுக்கு இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே மனுசி பேத்திக்குச் சோறு தீத்தி முடிக்கும்வரை இரண்டு பேரும் அந்த வெயிலிலேயே நின்றோம். அவர் அன்று உள்ளே வரவில்லை.